எங்கள் மோரிஸ் மைனரைக் கோவைக்குக் கொடுத்த காரணம்

இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நின்ற 1953ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் காரை இந்த ஆண்டு விற்றுவிட்டேன். செய்தி தெரிந்த உறவினர் பலர் வருத்தப்பட்டார்கள். உங்கப்பா இருந்திருந்தால் விற்றிருப்பாரா என்று சித்தப்பா முகத்துக்கு நேராகவே கேட்டார். இராமநாதபுரம் கடலோரத்தில் பழைய கார் வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் கேள்வி ஒரு நாள் வரும் என்பதால், விற்பது என்று நான் ஏன் முடிவு செய்தேன், எப்படி விற்றேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

மோரிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. பின்னாளில் மினி காரை உருவாக்கிய அலெக் இசிகோனிஸ்தான் இதையும் வடிவமைத்தார். முன்மாதிரி வண்டி ஒடுக்கமாகத் தெரிந்ததால் அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு அகலத்தை முடிவு செய்தார். பானட்டின் நடுவில் ஓடும் தட்டையான பட்டை அந்த மாற்றத்தின் அடையாளம். பத்து லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் இதுவே. எங்களுடையது இரண்டாம் வரிசையைச் சேர்ந்த நான்கு கதவு வண்டி, 803 சி.சி. எஞ்சின். கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1971இல் மண்டபத்திலிருந்து கொச்சிக்கு மாறியபோது ஊரைவிட்டுப் போன ஒரு குடும்பத்திடம் அப்பா வாங்கினார்.

அம்பாசடரும் மோரிஸ் வம்சம்தானே, உதிரிப்பாகத்துக்கு என்ன கவலை என்று பலர் சொல்வார்கள். அம்பாசடர் மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழி வந்தது; அதில் நெடுங்காலம் ஓடியது பி-சீரிஸ் எஞ்சின், மைனரில் இருப்பது ஏ-சீரிஸ். ஒன்றின் எஞ்சின் பாகம் மற்றொன்றில் பொருந்தாது. ஆனால் எங்கள் வண்டிக்கு ஒரு வசதி உண்டு. முன் கண்ணாடி இரண்டு தட்டைத் துண்டுகளாக இருப்பதால், உடைந்தால் லேமினேட்டட் கண்ணாடியை அளவுக்கு வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். 1956இல் வந்த மைனர் 1000 வண்டியின் வளைந்த ஒற்றைக் கண்ணாடிக்கு அது நடக்காது.

எஞ்சினைப் பற்றி எனக்கு ஒருபோதும் கவலை இருந்ததில்லை. உடம்புதான் கவலை. ஜீப்பில் இருப்பதுபோல மைனருக்குத் தனிச் சேசிஸ், அதாவது பாரம் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது; தரைத் தகடும் கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி அமைப்பும் சேர்ந்தே வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. ஆகவே இதில் துரு என்பது அழகுக் குறைவு அல்ல, எலும்பரிப்பு. ஆடியில் கச்சான் காற்று வீசும்போதும் மார்கழியில் வாடை அடிக்கும்போதும் மண்டபத்தில் இரு கடல்களின் உப்பும் வீட்டுக்குள் வந்து படியும். கடல் இரண்டு பக்கமும் இருக்கும் ஒடுங்கிய நிலத்தில், எந்தக் காற்றுக்கும் வண்டியை மறைக்க இடமில்லை. போர் தண்ணீரும் உவர்ப்பு என்பதால் அப்பா அதைக் காரின் மேல் படவே விடமாட்டார். குடிக்க வாங்கும் நல்ல தண்ணீரில் துணியை நனைத்துத்தான் துடைப்பார், மழைக்காலத்தில் ஓட்டிலிருந்து வடியும் நீரைப் பிடித்து அடிப்பாகத்தைக் கழுவுவார். அவ்வளவு பார்த்தும், மூடிய பெட்டித் தகடுகளின் உட்புறத்தை எந்தத் துணியும் எட்டாது. ஒருமுறை இடப்பக்கக் கதவின் கீழ் ஸ்குரூடிரைவரால் அழுத்தியபோது முனை அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருந்தது. பழுப்புப் பொடி தரையில் கொட்டியது.

வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு பற்றவைக்கலாம். எங்கள் டிங்கர் அதைச் சுத்தமாகச் செய்யக்கூடியவர். ஆனால் மறுபடி இதே காற்றில்தானே நிற்க வேண்டும்? இந்த வண்டி பிழைக்க வேண்டுமானால் கடலை விட்டுத் தள்ளி வறண்ட ஊருக்குப் போக வேண்டும் என்பது அன்று எனக்குத் தெளிவாயிற்று. விற்பதும் காப்பாற்றுவதுதான் என்று சித்தப்பாவுக்கு அதையே சொன்னேன்.

விலைக்குக் கேட்டு வந்தவர்களில் முதலில் ஒரு விடுதிக்காரர், சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளக் கடலோர மணலில் நிறுத்தி வைக்க விரும்பினார். நல்ல விலை சொன்னார். மறுத்துவிட்டேன். அடுத்தவர் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட வேண்டும் என்றும், தோதாக டீசல் எஞ்சின் மாற்றிக்கொள்வதாகவும் சொன்னார். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் எஞ்சினில் அடித்திருக்கும் எண்ணும் ஒத்துப்போகும் வண்டியை அப்படிக் குலைக்க எனக்கு மனம் வரவில்லை.

கோவையில் பஞ்சாலை ஒன்றில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் மூன்றாவதாக வந்தார். அவருக்கு முதலில் காட்டியது துருவைத்தான். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஸ்குரூடிரைவர் இறங்கிய இடம், பின் ஸ்பிரிங் பிடிப்பு அரித்திருந்த இடம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். துணி சுற்றிய காந்தத்தை அவர் கையில் கொடுத்து, உடம்பு முழுவதும் ஒட்டிப் பார்க்கச் சொன்னேன். தகட்டில் காந்தம் பிடிக்கும், பட்டி அப்பி மேலே பெயின்ட் அடித்த இடத்தில் நழுவும். பின் மட்கார்டில் இரண்டு இடத்தில் நழுவியது.

“ஏனுங்க, எல்லாத்தையும் நீங்களே காட்டறீங்களே, வெலை கொறஞ்சுடாதுங்களா?” என்றார்.

“குறையட்டும் சார். வாங்குனவரு வண்டிய நம்பி ஏறணும்ல?” என்றேன்.

குறைத்துத்தான் கேட்டார், அதுவும் நியாயமான தொகைதான். பழைய வண்டியை விற்பவர் அதன் பழுதுகளையும் சேர்த்தே ஒப்படைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மறைத்து வாங்கும் அதிகப்படி விலை, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் உயிரோடு விளையாடுவதாகும்.

இரண்டு செய்திகளை எழுதியே கொடுத்தேன். ஒன்று, முன் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் டிரன்னியன் என்ற மரை மூட்டு. கிரீஸ் காய்ந்து மரை தேய்ந்தால் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும். ஆகவே கிரீஸ் கன்னை வண்டியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். மற்றொன்று, இந்த வண்டியில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் இணைந்திருக்கிறது. இன்றைய கார்களில் பழகிய எலெக்ட்ரீஷியன் வழக்கம்போல் மைனஸை பாடிக்குக் கொடுத்துவிடக் கூடும்.

ஆவண வேலை சுருக்கமாக முடிந்தது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29இலும் 30இலும் கையெழுத்திட்டு, ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021இல் வந்த வின்டேஜ் பதிவு விதியைப் பற்றியும் பேசினோம். பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் அன்றாடம் ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. அவருக்குப் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டும் ஆசை இருந்ததால், பெயர் மாற்றம் மட்டும் போதும் என்றார்.

வண்டியை ஓட்டிச் செல்ல நான் சம்மதிக்கவில்லை. லாரியில் ஏற்றி, மதுரை வழியாக அனுப்பினோம். போன வாரம் பேசினார். பெயின்ட் அடிக்கும் பேச்சையே எடுக்காமல், இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழுள்ள தகடுகளை முழுவதுமாக வெட்டி எடுத்துவிட்டதாகவும், உட்புறத்தில் துருத் தடுப்புப் பூசிவிட்டுத்தான் புதுத் தகட்டைப் பற்றவைக்கப்போவதாகவும் சொன்னார்.