புல்லு காஞ்சா காசு வரும், ஆனா எப்போ வரும்?

அமெரிக்காவுல மழை பொய்ச்சு மேய்ச்சல் காஞ்சு போச்சுன்னா மாடு வளக்கறவங்களுக்கு கவர்மென்ட் காசு குடுக்குது, லைவ்ஸ்டாக் ஃபோரேஜ் டிசாஸ்டர் ப்ரோக்ராம்னு பேரு, சுருக்கமா எல்எஃப்பி. டெக்சாஸ் வந்த புதுசுல "சும்மா ஒக்காந்திருக்கறவங்களுக்கு மானியம்"னு இங்க சிலர் பேசறத கேட்டிருக்கேன். அது ரொம்ப தப்பான பேச்சுங்க.

ஒரு பஞ்ச காலத்துல பக்கத்து மாட்டுப் பண்ணைல பாத்தேன், புல்லு சுத்தமா இல்ல, அங்க ஒரு பெரியவர் கேஸ் டார்ச் வச்சு சப்பாத்திக்கள்ளி முள்ள பொசுக்கிட்டு இருக்காரு, அந்த டார்ச் சத்தம் கேட்டதுமே மாடுங்க தானா ஓடி வந்து சூடு ஆறறதுக்குள்ள கடிக்குது. எலும்பு தெரியற மாட்ட வச்சுக்கிட்டு யாரும் சும்மா ஒக்காந்திருக்க முடியாது.

காசு எப்படி முடிவாகுதுன்னா, எல்லாமே ஒரு மேப்லதான். ட்ராட் மானிட்டர்னு பேரு, எங்க எவ்ளோ வறட்சின்னு காட்டும், வாராவாரம் வியாழக்கிழமை வரும். அதுல உங்க கவுண்டி (நம்ம ஊரு மாவட்டம் மாதிரி) ஆரஞ்சா (டி2), சிவப்பா (டி3), கருஞ்சிவப்பா (டி4)ங்கறதுதான் கணக்கு, நம்பர் ஏற ஏற வறட்சி கடுமை. மேய்ச்சல் சீசன்ல கவுண்டியோட ஏதோ ஒரு மூலைக்கு டி3 வந்துட்டாலே மூணு மாசக் காசு, டி4 நாலு வாரம் நின்னா அஞ்சு மாசம். மாசக் காசுன்னா கவர்மென்ட் போடற மாசத் தீவனச் செலவுக் கணக்குல 60 சதவீதம்தான், அதுவும் ஒருத்தருக்கு வருஷத்துக்கு 1,25,000 டாலர் வரைக்கும்தான். மீதிய கைக்காசு போட்டு ஹே கட்டு (காஞ்ச புல்லுக் கட்டு) வாங்கணும், பஞ்சத்துல அது விக்கற விலைக்கு.

ஆனா எனக்கு பெரிய கவலை தொகை இல்ல, நேரம். இந்தத் திட்டம் 2008 ஃபார்ம் பில்லுல (அமெரிக்காவோட விவசாயச் சட்டம்) வந்துச்சு, 2011 செப்டம்பரோட காலாவதியாயிடுச்சு. டெக்சாஸ் சரித்திரத்துலயே ஒரே வருஷத்துல வந்த மோசமான வறட்சி அந்த வருஷந்தான்! அடுத்த வருஷம் நாட்டோட நடுப்பகுதி முழுக்க காஞ்சுது. 2014 ஃபார்ம் பில்லுலதான் நிரந்தரமாக்கி, முன்தேதி போட்டு 2011 அக்டோபர்லேருந்து நஷ்டத்துக்கு காசுன்னாங்க. நல்லதுதான், ஆனா அதுக்குள்ள எத்தன பேரு தாய்ப்பசுவ சந்தைக்கு ஓட்டிட்டாங்க. வித்த மந்தைய செக்கு வந்தப்பறம் திருப்பிக் கொண்டாந்துட முடியுமா, ஒரு கிடேரி வளந்து மொத கன்னு போடவே ரெண்டு வருஷம் ஆகுது. பரம்பரையா அந்த வெயிலுக்கும் அந்த மண்ணுக்கும் பழகின மாடு வேற.

2025 ஜனவரில அமெரிக்காவோட மொத்த மாடு 8 கோடியே 67 லட்சம்தான், 1951க்கு அப்பறம் அதுவரைக்கும் அவ்ளோ கம்மியா இருந்ததே இல்ல. வறட்சி மட்டுமே காரணம்னு சொல்லல, ஆனா அது பெரிய காரணம்.

முன்னாடி டி2 தொடர்ச்சியா எட்டு வாரம் நின்னாதான் ஒரு மாசக் காசு. 2025 ஜூலைல வந்த சட்டத்துல நாலு வாரம் போதும்னு மாத்தியிருக்காங்க, எட்டு வாரத்துல ஏழு வாரம் இருந்தா ரெண்டு மாசம். இத நான் முழு மனசோட வரவேற்கறேன். விக்கலாமா வச்சுக்கலாமான்னு ஒரு குடும்பம் தவிக்கறது அந்த மொத ஒரு மாசத்துலதான், கைல காசு அப்போ இருக்கணும்.