திருப்புடைமருதூரில் ஒரு நீச்சல்

நீந்துவதற்காகவே திருநெல்வேலி மாவட்டத்துக்குப் போக விரும்புபவர்களுக்கு நான் முதலில் சொல்லும் ஊர் திருப்புடைமருதூர். வீரவநல்லூரிலிருந்து வயல்களுக்கு நடுவே செல்லும் சாலையில் போனால், கடனா நதி தாமிரபரணியோடு கலக்கும் இடத்தில், நாறும்பூநாதர் கோயிலை அடுத்து ஆறு அகன்று ஓடுகிறது. பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் தாமிரபரணி, தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளாலும் நீர் பெறுவதால், மற்ற பல ஆறுகள் வெறும் மணலாகக் கிடக்கும் மாதங்களிலும் இங்கே முங்கிக் குளிக்கத் தண்ணீர் இருக்கிறது. நான் போனது தை மாதக் கடைசியில். மழைக்காலத்துக் கலங்கல் தெளிந்து, மார்பளவு நீரில் நின்றபோது கால்விரல்கள் தெரிந்தன.

இறங்கும் முன், படித்துறையில் வேட்டியை அலசிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் ஆழம் விசாரித்தேன். "அந்த வளைவுல கசம் கெடக்கு தம்பி, இந்தப் பக்கமே நீந்துங்க" என்றார். கசம் என்றால் ஆற்றுக்குள் இருக்கும் ஆழமான பள்ளம். வளைவின் வெளிக்கரையை வேகமான நீர் அரித்துக்கொண்டே இருப்பதால் அங்கே ஆழம் கூடும். உட்கரையில் வேகம் குறைந்து மணல் படியும். மேலே பாபநாசத்தில் அணையிலிருந்து கூடுதலாக நீர் திறந்தால், மழையே இல்லாத நாளிலும் மட்டம் ஏறிவிடும் என்பதால், எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தவரும் உள்ளூர்க்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குவதே முறை.

இடுப்பளவு வரை குளிர் ஊசியாகக் குத்தியது. ஒரு முங்கு போட்டு எழுந்ததும் மூச்சு சீராகி, அந்தக் குளிரே சுகமாகிவிட்டது. எதிர்நீச்சல் போட்டுக் கைகள் களைத்ததும் மல்லாந்து உடலைத் தளரவிட்டேன். காதுகள் நீருக்குள் அமிழ்ந்ததும் கரையின் பேச்சொலி அடங்கி, அடியில் கூழாங்கற்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் மட்டும் கேட்டது. ஆற்றின் போக்கிலேயே மிதந்து போகையில், கரையிலிருந்த மருதமரங்கள் தலைக்கு மேல் மெல்ல நகர்ந்தன. உச்சிக் கிளைகளில் சங்குவளை நாரைகள் கூட்டுக்குச் சுள்ளி சேர்த்துக்கொண்டிருந்தன. இந்த நாரைகளுக்காக ஊர்மக்களே முன்வந்ததால்தான் 2005ஆம் ஆண்டில் இவ்விடம் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது என்பதை நினைக்கையில், அவ்வூரார் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டாகிறது. மணல் திட்டில் கால் ஊன்றி நின்றபோது, பொடிமீன்கள் வந்து குதிகாலைக் கொத்தின.

இந்த ஆற்றில் சிலர் பரிகாரம் என்று கட்டிய துணியை விட்டுச் செல்வதைக் காண மனம் வலிக்கிறது. நீருக்குள் வேரிலும் கல்லிலும் சிக்கிய துணி நீந்துபவர் காலைச் சுற்றிக்கொள்ளும். மீனுக்கும் அது கேடு. சோப்பையும் ஷாம்பையும்கூட வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம். ஓடும் நீரில் முங்கி எழுந்தாலே உடம்பு போதிய அளவு சுத்தமாகிவிடும்.

கரையேறித் தலை துவட்டும்போது, ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வந்துவிட வேண்டாம், அப்போது ஊர்க்காரர்களே ஆற்றில் இறங்குவதில்லை என்று பெரியவர் எச்சரித்தார். பங்குனியில் வருவதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன்.