புயல் நிமிர்த்திய கப்பல்

ஃபுளோரிடாவின் கீ லார்கோ பக்கம் டைவிங் போகிறவர்கள் ஸ்பீகல் குரோவை விட்டுவிடாதீர்கள். 155 மீட்டர் நீளமுள்ள இந்தப் பழைய அமெரிக்கக் கடற்படைக் கப்பலைச் செயற்கைப் பவளப்பாறை ஆக்கலாம் என்று 2002 மே மாதம் மூழ்கடிக்கப் போனால், அது குறித்த நேரத்துக்கு முன்பே மூழ்கத் தொடங்கி, தலைகீழாகக் கவிழ்ந்து, முன்பகுதி மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. அப்புறம் பாடுபட்டு ஒரு பக்கமாகப் படுக்க வைத்தார்கள். 2005-இல் டென்னிஸ் புயல் வந்து, கூலி கேட்காமல் நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டது!

தரை சுமார் 40 மீட்டர் ஆழம். மேல்பகுதி 20 மீட்டருக்குள்ளேயே வந்துவிடும். நீரோட்டம் பலமாக இருக்கும் நாளில் மிதவைக் கயிற்றை விடவே கூடாது. உள்ளே நுழைய ஆசை வரும், பயிற்சி இல்லாமல் வேண்டாம். வெளியே திரியும் ராட்சதக் களவா மீன்களைப் பார்க்கவே சிலிண்டர் காற்று போதாது.