நிற்கும் கேரவனுக்கு டிராக்கர்: பொருத்தும் வேலை, முதலிலிருந்து கடைசி வரை

கேரவனிலும் (காரின் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி) மோட்டார்ஹோமிலும் (சொந்த இன்ஜினில் ஓடும் வீட்டு வண்டி) டிராக்கர், அதாவது வண்டி இருக்கும் இடத்தை சிம் வழியாகச் சொல்லும் கருவி, பொருத்துவது காரில் பொருத்துவதைவிட வேறு வேலை. கார் அன்றாடம் ஓடும், பேட்டரி தானாகச் சார்ஜ் ஆகிவிடும். இவை மாதக்கணக்கில் ஓரிடத்தில் நிற்கும். திருடு போன வண்டியில் டிராக்கர் இருந்தும் பேசவில்லை, அதாவது இடத்தை அனுப்பவில்லை என்றால், டிராக்கர் பொருத்தும் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது திருடனின் ஜாமரை (சிக்னலை முடக்கும் கருவியை) அல்ல. காலியான பேட்டரியையும் ரீசார்ஜ் ஆகாமல் செத்துப்போன சிம்மையும்தான். ஆகவே வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி: மூன்று மாதம் யாரும் எட்டிப் பார்க்காத வண்டியில் இது உயிரோடு இருக்குமா?

கணக்கை மின்சாரத்திலிருந்து தொடங்குங்கள். விழித்திருக்கும் டிராக்கர் சாதாரணமாக 30 முதல் 50 மில்லி ஆம்பியர் இழுக்கும். 40 என்று வைத்தால் நாளைக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர்-அவர், மாதம் 29. 100 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரியில் கெடாமல் எடுக்கக்கூடியது பாதிதான். பேட்டரி தானாக இழக்கும் சார்ஜையும், கேஸ் கசிவு அலாரம், ரேடியோ போன்றவை சத்தமில்லாமல் குடிப்பதையும் சேர்த்தால் இரண்டு மாதம்கூடத் தாங்காது. அதே டிராக்கர் ஸ்லீப் மோடில் ஒழுங்காகத் தூங்கினால் 3 முதல் 5 மில்லி ஆம்பியர். மாதம் 3 ஆம்பியர்-அவர் சொச்சம்தான். இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம், அது ஒரே ஒரு செட்டிங்கில் இருக்கிறது. அட்டையில் அச்சடித்திருப்பதை நம்பாமல் மல்டிமீட்டரைத் தொடராக வைத்து அளந்து பாருங்கள். இணைத்த கையோடு அளக்க வேண்டாம். உள்ளே இருக்கும் சிறிய பேட்டரி அப்போது சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும். மீட்டர் நூற்றுக்கணக்கில் காட்டலாம், மில்லி ஆம்பியர் ரேஞ்சில் இருந்தால் மீட்டரின் ஃபியூஸே போகும். 10 ஆம்பியர் ரேஞ்சில் தொடங்கி, சில மணி நேரம் கழித்து வண்டி அசையாமல் இருக்கும்போது கீழ் ரேஞ்சுக்கு வாருங்கள்.

இணைப்பை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். வண்டியை நிறுத்திவிட்டுப் போகும்போது மெயின் சுவிட்சை அணைப்பது எல்லோருக்கும் பழக்கம். டிராக்கரின் ஒயர் அந்தச் சுவிட்சுக்குப் பின்னால் இருந்தால் அன்றைக்கே அதன் மின்சாரம் போயிற்று. உள் பேட்டரி சில நாள் தாக்குப்பிடிக்கும், பிறகு மௌனம். எனவே பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து, சுவிட்சுக்கு முன்னாலேயே, நேரடியாக எடுக்க வேண்டும். முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 2 ஆம்பியர் ஃபியூஸ், அதன்பின் 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர், அவ்வளவு போதும். ஒயரைக் கவ்விப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் இணைப்பான்கள் சாலை அதிர்வில் தளர்ந்துவிடும். கிரிம்ப் செய்து (உலோக முனையை இடுக்கியால் நசுக்கி இறுக்கி) மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூட்டில் சுருங்கும் உறை) போடுங்கள்.

மோட்டார்ஹோமில் இரண்டு பேட்டரி இருக்கும்: ஒன்று இன்ஜினுக்கு, மற்றது உள்ளே வசிக்கும் பகுதிக்கு. இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியிலிருந்து எடுத்தால், அது இறங்கிப்போகும் நாளில் வண்டி கிளம்பாது. கூரையில் சோலார் பலகை இருந்து அது வசிக்கும் பகுதியின் பேட்டரியைச் சார்ஜ் செய்கிறது என்றால் அங்கிருந்து எடுப்பதே நல்லது. 20 வாட் பலகையே டிராக்கருக்கு மிச்சம்தான், வெயில் படும் இடமாக இருந்தால். கொட்டகைக்குள்ளோ முழு உறை போட்டோ நிறுத்தினால் சோலார் கணக்கை மறந்துவிடுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் இன்னொரு சிக்கல்: வோல்டேஜ் கடைசி வரை இறங்காமல் நிற்கும், பிறகு உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று ஒரே வெட்டாக வெட்டிவிடும். குறைந்த வோல்டேஜ் எச்சரிக்கையை லெட்-ஆசிட்டுக்கு 12.2, லித்தியத்துக்கு சுமார் 12.8 வோல்ட்டில் வைத்தால் போய்ப் பார்க்க நேரம் கிடைக்கும்.

சிம்மில் நேரம் செலவிட வேண்டாம், ஆனால் தவிர்க்கவும் கூடாது. பல நாடுகளில் 2ஜி, 3ஜி நெட்வொர்க்குகள் மூடப்பட்டுவிட்டன. மலிவாகக் கிடைக்கும் பழைய டிராக்கர்கள் அவற்றை மட்டுமே நம்புபவை. 4ஜி இருக்கிறதா, உங்கள் பகுதியின் அலைவரிசையைப் பிடிக்கிறதா என்று பாருங்கள். சிம்மை முதலில் போனில் போட்டு பின் (PIN) எண் பூட்டை எடுத்துவிட்டு, டேட்டா வருகிறதா என்று பார்த்து, ஏபிஎன் (சிம் இன்டர்நெட்டில் இணையும் நுழைவாயில்) பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். புது டிராக்கர் வேலை செய்யவில்லை என்று திரும்பி வருகிறவற்றில் ஏபிஎன் தப்பாகப் போட்டதுதான் அதிகம். மாதம் சில மெகாபைட் டேட்டாவே போதும். பயன்படுத்தாவிட்டால் முடங்கிப்போகும் ப்ரீபெய்டு சிம் வேண்டாம். எல்லை தாண்டிப் போகும் வண்டி என்றால் பல நெட்வொர்க்குகளில் தாவும் சிம் எடுங்கள்.

இனி இடம். ஜிபிஎஸ் சிக்னல் வானத்திலிருந்து மிகப் பலவீனமாக வந்து சேருகிறது. உலோகத்தைத் தாண்டாது, ஃபைபர் கிளாஸ், பிளைவுட், ஃபோம், துணி எல்லாவற்றையும் தாண்டும். பல கேரவன்களின் பக்கச் சுவரில் மெல்லிய அலுமினியத் தகடு இருக்கும், ஆனால் முன்பக்கமும் பின்பக்கமும் ஃபைபர் கிளாஸாக இருக்கலாம். காந்தம் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. உருப்படியான வழி, செயற்கைக்கோள் சிக்னலைக் காட்டும் ஆப்பைப் போனில் போட்டு, டிராக்கர் போகவிருக்கும் இடத்திலேயே போனை வைத்து, மூடியையும் மெத்தையையும் பழையபடி மூடிவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பார்ப்பது. இடம் கணிக்க நான்கு செயற்கைக்கோள் போதும் என்பது ஏட்டுக் கணக்கு. எட்டுக்கு மேற்பட்ட செயற்கைக்கோள்களின் சிக்னல் பலம் ஆப்பில் 30 டெசிபலைத் தாண்டி நின்றால் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம்; எல்லாம் 25-க்குக் கீழே துடித்துக்கொண்டிருந்தால் வேறு இடம் தேடுங்கள். பளபளக்கும் ஃபாயில் ஒட்டிய வெப்பத் தடுப்புப் பாய் பின்னால் ஒளிந்திருந்தால் முடிவு வியப்பாக இருக்கும். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் வைக்காதீர்கள்: தொட்டி காலியாக இருக்கும்போது சோதித்தால் பிரமாதமாக வரும், நிரம்பியதும் போய்விடும். இன்வெர்ட்டர், சோலார் கன்ட்ரோலர், மலிவு யுஎஸ்பி சார்ஜர் பக்கத்திலும் வேண்டாம், அவற்றின் மின் இரைச்சல் சிக்னலைக் கெடுக்கும். கூரையை ஒட்டிய இடம் வெயிலில் கொதிக்கும். உள் லித்தியம் பேட்டரி சீக்கிரம் உப்பிவிடும்.

திருடன் தேடும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவை: டாஷ்போர்டுக்குக் கீழே, ஓபிடி சாக்கெட் (மெக்கானிக் கோளாறு பார்க்கக் கருவி செருகும் இடம்), பேட்டரிப் பெட்டி, முன் லாக்கர். அவன் பெட்டியைத் தேடுவதில்லை, புது ஒயரைத் தேடுகிறான். பழைய ஒயர்க் கட்டில் தூசி படிந்த டேப்புக்கு நடுவில் பளிச்சென்று ஒரு சிவப்பு ஒயரும், வெள்ளை வெளேரென்று ஒரு கேபிள் டையும் தெரிந்தால் அதைப் பிடித்துக்கொண்டே போய்விடுவான். ஏற்கெனவே இருக்கும் ஒயர்களின் நிறத்திலேயே வாங்கி, அந்தக் கட்டுக்குள்ளேயே செருகி, அதே மாதிரி டேப் சுற்றுங்கள். மினுக்கும் எல்இடி மேல் கறுப்பு டேப். திருகு போட வேண்டாம், இரட்டைப் பக்க ஃபோம் டேப்பே தாங்கும். கேரவன் தரையிலும் சுவரிலும் கேஸ் குழாயும் தண்ணீர்க் குழாயும் ஓடும். வெளித்தோலில் ஒரு துளை போட்டால் அதன் வழியே இறங்கும் ஈரம் மரச்சட்டத்தை அழுகவைக்கும், டிராக்கர் விலையைப் போலப் பல மடங்கு செலவு வைக்கும்.

செட்டிங்கில் முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவது. மலிவு டிராக்கர்கள் பல 123456 என்றே வருகின்றன. மாற்றாவிட்டால் வண்டி எங்கே நிற்கிறது என்று அடுத்தவனும் பார்க்கலாம். ஓடும்போது நிமிடத்துக்கு ஒரு முறை, நிற்கும்போது நாளைக்கு ஒரு முறை இடம் அனுப்பினால் போதும். ஜியோஃபென்ஸ் வட்டத்தை (வண்டி தாண்டினால் அலாரம் அடிக்கும் எல்லையை) 150, 200 மீட்டருக்குக் குறைக்காதீர்கள். கட்டடங்களுக்கு நடுவே நிற்கும் வண்டியின் இடம் வரைபடத்தில் தானாகவே நகர்ந்துகொண்டிருக்கும்; இரவு இரண்டு மணிக்குப் பொய் அலாரம் நான்கு தடவை அடித்தால் ஐந்தாவது தடவை நீங்கள் எழுந்திருக்க மாட்டீர்கள். அசைவு உணரியும் அப்படித்தான், காற்றுக்கு ஆடும் கேரவன் அதைத் தூண்டிவிடும். மூலைத் தாங்கிகளை இறக்கி நிறுத்தி, பக்கச் சுவரைக் கையால் தள்ளினால் அடிக்காமல், காரோடு மாட்டும் கொக்கியைத் தூக்கினால் அடிக்கும் அளவுக்கு உணர்திறனைக் குறையுங்கள்.

எல்லா அலர்ட்டையும்விட எங்களுக்கு முக்கியமானது 'ஒரு நாளுக்கு மேல் பேசவில்லை' என்ற அலர்ட். பல ஆப்களில் இது கிடையாது. செத்த டிராக்கரின் பழைய இடத்தையே வரைபடத்தில் பச்சைப் புள்ளியாகக் காட்டிக்கொண்டிருக்கும். அந்த அலர்ட் இல்லாத ஆப்பை வாங்கவே வேண்டாம்.

ஒரே டிராக்கரை நம்பாதீர்கள். ஒயர் இணைத்தது ஒன்று, ஒயரே இல்லாமல் சொந்த பேட்டரியில் நாளைக்கு ஒரு முறை விழித்துப் பேசிவிட்டுத் தூங்குவது இன்னொன்று. இரண்டாவது சில ஆண்டுகள் ஓடும், தூங்கும்போது சிக்னல் எதுவும் வெளியிடாததால் டிடெக்டரிலும் சிக்காது. திருடிய வண்டியை ஒதுக்குப்புறமான தெருவில் நிறுத்திவிட்டு, யாராவது தேடி வருகிறார்களா என்று சில நாள் பார்க்கும் வழக்கம் உண்டு. முதல் டிராக்கரைப் பிடுங்கிப் போட்ட பிறகும் இரண்டாவது பேசும். ஏர்டேக் போன்ற புளூடூத் வில்லைகளை இந்த இடத்தில் வைக்கலாமா? வைக்கலாம், மூன்றாவதாக. அவை ஆட்களைப் பின்தொடராமல் தடுக்கும் ஏற்பாட்டின்படி திருடனின் போனுக்கே தகவல் சொல்லிவிடும். சுற்றுவட்டாரத்தில் யாருடைய போனும் இல்லாத வயல்வெளியில் ஊமையாகிவிடும்.

மோட்டார்ஹோமில் ஸ்டார்ட்டரைத் துண்டிக்கும் ரிலே (மின்சாரத்தில் இயங்கும் சுவிட்ச்) சேர்ப்பதாக இருந்தால் ஸ்டார்ட்டர் ஒயரில் மட்டும் போடுங்கள். ஓடும் வண்டியில் பெட்ரோலையோ இக்னிஷனையோ வெட்டுவது ஆளைக் கொல்லும் வேலை. ரிலேக்கு மின்சாரம் இல்லாதபோதும் இணைந்தே இருக்கும் 30, 87ஏ முனைகள் வழியாக இணைத்தால் டிராக்கர் கெட்டுப்போனாலும் வண்டி கிளம்பும். ஆனால் ஸ்டார்ட்டரைப் பூட்டியிருக்கும் நேரமெல்லாம் ரிலே சுருள் சுமார் 150 மில்லி ஆம்பியர் குடிக்கும், ஆகவே மாதக்கணக்கில் பூட்டி வைக்காமல் தேவைப்படும்போது மட்டும் பயன்படுத்துங்கள்.

எல்லாம் முடிந்ததும் திருடனாக மாறிச் சோதியுங்கள். ஃபியூஸைப் பிடுங்குங்கள், மின்சாரம் துண்டிப்பு அலர்ட் ஒரு நிமிடத்துக்குள் வர வேண்டும். டிராக்கரைச் சமையல் ஃபாயிலில் சுற்றி வண்டியை ஒரு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஃபாயிலைப் பிரியுங்கள். ஜாமர் போய்விட்டால் எத்தனை நிமிடத்தில் மறுபடி பேசும் என்று தெரிந்துவிடும். மெயின் சுவிட்சை அணைத்து இரண்டு வாரம் விட்டுவிட்டு வந்து, பேட்டரி வோல்டேஜ் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

நிஜமாகவே அலாரம் அடித்தால் பதற்றத்தில் எல்லோரும் செய்வது, பத்து விநாடிக்கு ஒரு முறை இடம் அனுப்பு என்று மாற்றுவது. மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்தால் உள் பேட்டரி சில மணி நேரத்தில் காலி. வண்டி ஓடும்போது நிமிடத்துக்கு ஒன்று, நின்றுவிட்டால் அரை மணிக்கு ஒன்று என்று வையுங்கள். தனியாகப் பின்தொடர்ந்து போகாமல், ஆப்பின் நேரலை லிங்க்கைக் காவல்துறைக்குக் கொடுங்கள். சேஸிஸ் எண், டிராக்கரின் ஐஎம்இஐ எண் (கருவியின் அடையாள எண்), வண்டியின் நான்கு பக்கப் படம், ஜன்னல் கண்ணாடியில் பொறித்த எண் எல்லாம் போனிலேயே ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொண்ட மாடல்தான் என்ற சான்றும், பொருத்திய ரசீதும் அதே ஃபோல்டரில்.