லிஃப்ட்டில் பயப்பட வேண்டியது கதவுக்குத்தான்

போன மாதம் கரண்ட் போனபோது எங்கள் அபார்ட்மெண்ட் லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே எதிர்வீட்டு அம்மாவும் பேரனும். நான் ஓடிப்போய்ப் பார்த்தால், வாட்ச்மேன் இரண்டாம் மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்துவிட்டு, "குதிச்சிடுங்கம்மா, நான் பிடிச்சுக்கறேன்" என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். லிஃப்ட்டின் தரை அவர் நெஞ்சு உயரத்தில் இருந்தது. அதற்குக் கீழே ஒரு ஆள் தாராளமாக நுழையும் அளவுக்கு இருட்டு, அடிக்குழி வரைக்கும். குதிக்கிறவர் கால் தடுமாறிப் பின்னால் சாய்ந்தால் நேராக அதற்குள்தான்.

"வேண்டாம்மா, உள்ளேயே உட்காருங்க, காத்து வரும், பயப்படாதீங்க" என்று கத்தினேன். அந்தக் கதவைப் பூட்ட வைப்பதற்குள் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

மெக்கானிக் வர 40 நிமிடம். மொட்டை மாடி ரூமில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பிரேக்கைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். நாங்கள் எல்லாரும் இரண்டாம் மாடியில் காத்திருக்க, லிஃப்ட் மேலே போய் மூன்றாம் மாடியில் நின்றது! மறுபக்கம் தொங்கும் எடை, காலி லிஃப்ட்டோடு அது தாங்கும் சுமையில் ஏறக்குறைய பாதியையும் சேர்த்த கனம், அதனால் இரண்டு பேர் மட்டும் இருந்தால் அந்தப் பக்கம்தான் இழுக்கும் என்றார்.

அப்புறம் எல்லாரும் கேட்டது, கயிறு அறுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான். கயிறு ஒன்றல்ல, பல எஃகுக் கயிறுகள். அத்தனையும் போனாலும், வேகம் மீறியதும் அதைக் கவனிக்கும் கவர்னர் என்ற கருவி இழுத்துவிட, லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கும் பிரேக், லிஃப்ட் ஓடும் தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். 1854-லேயே நியூயார்க்கில், இப்படிப் பிடித்துக்கொள்ளும் பிரேக்கைச் செய்த எலிஷா ஓட்டிஸ், கூட்டத்தின் நடுவே கயிற்றில் தொங்கும் லிஃப்ட் மேடையில் ஏறி நின்று கயிற்றை வெட்டச் சொல்லிக் காட்டிவிட்டார்.

கதவு விஷயம் அப்படியில்லை. லிஃப்ட் அடிக்கடி நிற்கிறதே என்று கதவு சுவிட்சை ஒரு துண்டு ஒயரால் ஷார்ட் பண்ணி ஓட்டுகிறார்கள், அப்படி வைத்ததைத் தானே பல இடங்களில் கழற்றியிருப்பதாக மெக்கானிக் சொன்னார். கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் கிளம்பிவிடும், போனைப் பார்த்துக்கொண்டே ஒருவர் காலை எடுத்து வைப்பார், அங்கே லிஃப்ட் இருக்காது.

எங்கள் லிஃப்ட்டில் கரண்ட் போனால் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடும் ஏ.ஆர்.டி. இருக்கிறது. பேட்டரி செத்து எத்தனை மாதமோ. இந்த ஞாயிறு அசோசியேஷன் மீட்டிங்கில் பெயின்டிங் பேச்சு எடுக்கும் முன் இதைத்தான் கேட்கப்போகிறேன், கதவுச் சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து.