ஈர மினுக்கு அடங்கும் நேரம்

கூடத்தின் மேற்குச் சுவர் ஒருவழியாக என் சொல்லுக்குப் படிந்துவிட்டது. டெக்ஸ்சர் என்று வாளியில் விற்கும் சரக்கைத் தொடாமல், சுவரைச் சமன்செய்யப் பூசும் வெள்ளை சிமென்ட் பட்டியிலேயே மேடு பள்ளம் எழுப்பி இரண்டு நிறம் ஏற்றியிருக்கிறேன். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தாலும் உறுத்தும் கோடு ஒன்றும் இல்லை. கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டி பூசுவதற்கு முன் சுவரைச் சுரண்டியது, நனைத்தது எல்லாம் வழக்கமான கதை. பட்டி 1.5 மி.மீ. கனத்துக்குள் இழுப்பதற்கான பொருள். கனமாக அப்பினால் வெடிக்கும். அதனால் நான்கில் ஒரு பங்கு கல்மாவு கலந்தேன். வாசலில் கோலம் போட வண்டியில் வருமே, அதே கல்மாவுதான். உள்ளே நின்று சுருக்கத்தைக் குறைக்கிறது, விலையும் மலிவு.

பஞ்சு உருளையை ஓட்டி முள்முள்ளாக எழுப்புவது எளிது. அந்த முனைகளைத் தட்டையான பூச்சுத் தகட்டால் அமுக்கிப் படியவைக்கும் நேரம்தான் உயிரை வாங்குகிறது. முந்தினால் பட்டி தகட்டோடு ஒட்டிப் பெயர்ந்து வரும். பிந்தினால் முனை மடங்காமல் உதிரும். கடிகாரத்தை நம்பிப் பயனில்லை; பங்குனி வெயிலில் ஒரு நேரம், மழைக்காலத்தில் வேறு நேரம். நான் பார்ப்பது ஈர மினுக்கை மட்டும். அது அடங்கியதும் புறவிரலால் தொட வேண்டும். விரலில் ஒட்டாமல் குழி மட்டும் விழுந்தால் உடனே இழுக்கலாம். மின்விசிறி ஓடினால் மேல்தோல் மட்டும் காய்ந்து ஏமாற்றும். வியர்த்தாலும் நிறுத்திவிடுங்கள்.

தகடு எவர்சில்வராக இருக்க வேண்டும். சாதாரண இரும்புக் கரணை வெள்ளைப் பட்டியில் கருங்கோடு போடும். புதுத் தகட்டின் இரண்டு மூலைகளையும் உப்புத்தாளில் தேய்த்து உருட்டிக்கொண்டேன். கீறல் விழாமல் போனதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

அடி நிறம் சந்தனம், லேசாக மினுங்கும் சாட்டின் பூச்சு. மினுக்கில்லாத மேட் அடித்தால் மேலே பூசும் கரைசலை உறிஞ்சிக்கொள்ளும், துடைத்தாலும் போகாது. அதன்மேல் நீர்த்த காவி எமல்ஷனைக் கை எட்டும் அளவுக்குத் தடவி, பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தேன். மேட்டில் சந்தனம் தெளிந்து, பள்ளத்தில் காவி தங்கியது. தடவிய ஓரம் காய்வதற்குள் அடுத்த பகுதியைத் தொட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் வரைபடம்போல் கரை கட்டும்.

காவி வேண்டியது ஒரு கிண்ணம்; கடைக்காரரோ "லிட்டருக்குக் குறைந்து மெஷினில் கலக்க முடியாது சார்" என்றார். மிச்சம் பரணில் கிடக்கிறது, யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள். அம்மாவின் கவலை வேறு: "இந்தப் பள்ளத்திலெல்லாம் ஒட்டடை யாரப்பா அடிப்பது?" நியாயமான கேள்விதான்.

ஜன்னலோரம் இன்னும் வெள்ளையாகவே கிடக்கிறது. ஆனால் மனம் அதற்குள் கிளிஞ்சல் சுண்ணாம்புக்குத் தாவிவிட்டது. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெதுவாக இறுகுவதால், தகட்டோடு ஓட வேண்டிய அவசரம் குறையும். நீற்றி ஆறிய சுண்ணாம்பை ஊறப்போட மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம் ஒன்று தேடுகிறேன். வீட்டில் அலுமினிய அண்டா இருக்கிறது, ஆனால் சுண்ணாம்பு அதை அரித்துவிடும்.