அம்பு பட்ட இடத்தில் நின்றுவிடுங்கள்

மண்ணில் பாதி புதைந்து கிடந்த அம்பைப் பிடுங்கி மூக்கருகே கொண்டுபோனதுமே விஷயம் புரிந்துவிட்டது. இறகுகளில் பச்சையும் பழுப்பும் கலந்த பிசுபிசுப்பு, தண்டு நெடுகக் கருஞ்சிவப்பு, கூடவே அரைகுறையாகச் செரித்த ஓக் கொட்டையின் புளித்த வாடை. நுரையீரலில் பட்டிருந்தால் ரத்தம் வெளிர்சிவப்பாக, நுரையோடு இருந்திருக்கும். இது இரைப்பை. அந்தக் கருஞ்சிவப்பு ஈரலாக இருக்கலாம். அப்படியென்றால் மான் சாவது உறுதி, ஆனால் அதற்குப் பல மணி நேரம் ஆகும்.

வில்லோடு காட்டுக்குப் போகிற எவருக்கும் இப்படி ஒரு மாலை என்றைக்காவது வரும். அன்றைக்கு என்ன செய்வது என்று முன்னமே மனதில் இருக்க வேண்டும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

இடம் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம், தென்கிழக்குப் பகுதி. நவம்பர் முதல் வாரம், இணைசேரும் பருவம் சூடுபிடிக்கிற நாட்கள். இரவில் மட்டுமே நடமாடும் வயதான ஆண் மான்கள்கூட அப்போது பெட்டையைத் தேடிப் பகல் வெளிச்சத்தில் வரும். இந்த மானைப் போன வருடமே டிரெயில் கேமராவில், அதாவது மரத்தில் கட்டி வைக்கும் தானியங்கிக் கேமராவில், பார்த்திருந்தேன். அப்போதே உடம்பில் முதிர்ச்சி தெரிந்தது. பலரும் கொம்பைப் பார்த்து வயதைச் சொல்கிறார்கள். அது சரிப்படாது, உடம்பைத்தான் பார்க்க வேண்டும். முதிர்ந்த ஆண் மானுக்குக் கழுத்து தடித்து மார்போடு ஒன்றாகிவிடும். முதுகு லேசாகத் தொய்ந்து வயிறு தாழ்ந்திருக்கும், அதனாலேயே கால்கள் குட்டையாகத் தெரியும். நடையிலும் அவசரம் இருக்காது. ஒஹாயோவில் ஒரு வருடத்துக்கு ஒருவருக்குக் கொம்புள்ள மான் ஒன்றுதான். அந்த ஒன்று இதுவாக இருக்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

மாலை ஐந்து மணி வாக்கில், காற்று எனக்குச் சாதகமாக இருந்தபோது, சரிவின் கீழிருந்து ஏறி வந்தது. பரணிலிருந்து 25 கஜம். பக்கவாட்டில் நின்றது. முன்காலுக்குச் சற்றுப் பின்னால் குறி அசையாமல் நிற்க, விட்டேன்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. என் வில்லில் அம்பு நொடிக்குச் சுமார் 280 அடி போகும். ஒலி நொடிக்கு 1,100 அடிக்கு மேல். 25 கஜம் என்றால் 75 அடி. அதைக் கடக்க அம்புக்குக் கால் நொடிக்குச் சற்று அதிகம் வேண்டும். நாணின் சத்தமோ அதற்கு வெகு முன்பே மானின் காதுக்குப் போய்விடும். விழிப்பாக இருக்கிற மான் பாய்வதற்காகக் கால்களை மடக்கித் தாழும். இது தாழ்ந்தபடியே முன்னால் எகிறித் திரும்பியது. விலா எலும்புகளின் கடைசியில் அம்பு நுழைந்து மறுபக்கம் வெளியேறியதைக் கண்ணால் பார்த்தேன். மான் ஓடவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு, வாலைத் தொங்கவிட்டு, மெல்ல நடந்தே புதருக்குள் மறைந்தது. குடலில் பட்ட மான் அப்படித்தான் போகும்.

இருட்டும்வரை பரணிலேயே இருந்தேன். இறங்கியதும் அம்பு விழுந்த இடம்வரை மட்டும் போய், ஆரஞ்சு நாடா ஒன்றைக் கிளையில் கட்டிவிட்டு, வந்த வழியே திரும்பினேன். வேலி ஓரத்தில் தம்பி காத்துக்கொண்டிருந்தான். கூடப் பிறந்தவன் இல்லை, அலுவலகத்தில் கூட வேலை செய்கிற மதுரைப் பையன், தூக்கி வர உதவிக்கு வந்திருந்தான்.

"அண்ணே, ரத்தம் இருக்குல்ல? லைட் ரெண்டு இருக்கு, ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்ணே."

"வேண்டாம்டா. இப்ப போனா எழுப்பி விட்டுடுவோம்."

குடலில் பட்ட மானை யாரும் துரத்தாவிட்டால், பெரும்பாலும் நூறு இருநூறு கஜத்துக்குள் படுத்துவிடும். படுத்த இடத்திலேயே அடங்கும். நம் காலடிச் சத்தம் கேட்டு எழுந்துவிட்டால் அரை மைல், ஒரு மைல்கூடப் போகும். ரத்தமும் சொட்டாது, கொழுப்போ குடலோ வந்து காயத்தின் துளையை அடைத்துக்கொள்ளும். நுரையீரலென்றால் அரை மணி நேரம் போதும். ஈரலென்றால் நான்கு முதல் ஆறு மணி நேரம். இரைப்பை, குடல் என்றால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் விட வேண்டும். அன்றிரவு உறைநிலைக்கு அருகே குளிர் இறங்கும் என்றிருந்தார்கள், அதனால் இறைச்சி கெடும் கவலை குறைவு. கயோட்டிகள் என்ற ஓநாய் இனக் காட்டு விலங்குகளின் கவலை இருந்தது. அதையும் ஏற்றுக்கொண்டுதான் காத்திருக்க வேண்டும்.

மோப்ப நாய் வைத்திருக்கும் ஒரு பெண்மணியின் எண் என்னிடம் இருந்தது. வேட்டைப் பருவம் தொடங்கும் முன்பே வாங்கி வைத்திருந்தேன். அன்றிரவே அழைத்தேன். அவர் கேட்ட கேள்விகளைக் கேட்டபோதே நம்பிக்கை வந்தது. எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் போனது, முதுகைக் கூனியதா, அம்பில் என்ன வாடை. கடைசியாக, "தடத்தில் எத்தனை பேர் நடந்தீர்கள்?" நான் மட்டும், அதுவும் அம்புவரைதான் என்றேன். "நல்ல வேலை செய்தீர்கள். காலை ஏழரைக்கு வருகிறேன். பக்கத்து நிலத்துக்காரரிடமும் இப்போதே பேசிவிடுங்கள்" என்றார். ஒஹாயோவில் அடுத்தவர் நிலத்தில் வேட்டையாட எழுத்து மூல அனுமதி வேண்டும், தேடிப்போகும்போதும் அது கையில் இருப்பதுதான் முறை. அந்தப் பெரியவர் ராத்திரி நேரத்திலும் கதவைத் திறந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கயிற்றில் கட்டிய நாயை வைத்து அடிபட்ட மானைத் தேடுவது ஜெர்மனியில் பழைய வழக்கம். அமெரிக்காவில் அது தாமதமாகத்தான் வேர் பிடித்தது. 1970களில் நியூயார்க் மாநிலத்தில் டீர் சர்ச் என்ற குழுவினர் முன்னின்று இதை நிலைநாட்டினார்கள். பென்சில்வேனியா 2018ல்தான் அனுமதித்தது. யுனைடெட் பிளட் டிராக்கர்ஸ் அமைப்பு மாநிலவாரியாகத் தேடுநர்களின் பட்டியலை வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால், உரிமம் வாங்குகிற அன்றே அதைத் திறந்து இரண்டு மூன்று எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

காலையில் வந்தது கம்பி போன்ற முடியுள்ள ஒரு டாக்ஸண்ட், குட்டைக்கால் நாய். முழங்கால் உயரம்கூட இல்லை. கழுத்தில் அகலமான பட்டை, பின்னால் முப்பதடி ஆரஞ்சுக் கயிறு. அம்பு விழுந்த இடத்தில் அந்தப் பெண்மணி அதை உட்காரவைத்தார். அவசரப்படுத்தவில்லை. நாய் தரையை முகர்ந்தது, ஒரு வட்டம் போட்டது, மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்று, பிறகு தலையைத் தாழ்த்திக் கிளம்பியது. எங்கள் இருவரையும் கயிற்றின் நுனிக்குப் பின்னாலேயே வரச் சொன்னார்.

ரத்தம் அறுபது கஜம்போல இருந்தது. ஓர் இலையில் கடுகளவு, இன்னொரு இலையில் ஒரு தேய்ப்பு, அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. மனிதக் கண்ணுக்குத் தடம் அங்கே முடிந்துவிட்டது. நாய்க்கோ அது தொடர்ந்தது. மானின் குளம்புப் பிளவுகளுக்கு இடையே ஒரு சுரப்பி உண்டு, மிதிக்கும் இடத்திலெல்லாம் அதன் வாசனை ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மானுக்கும் வாசனையில் வேறுபாடு உண்டென்றும், பழகிய நாய் காயம்பட்டதை மற்றவற்றிலிருந்து பிரித்தறியும் என்றும் அவர் சொன்னார். இரவின் ஈரமும் குளிரும் அந்த வாசனையைத் தரையோடு பிடித்து வைத்திருந்தன. ராத்திரியே நாங்கள் விளக்கோடு குறுக்கும் நெடுக்கும் நடந்திருந்தால், அந்த வாசனையை எங்கள் பூட்ஸில் ஒட்டி எடுத்துக்கொண்டுபோய்க் காடு முழுக்கப் பரப்பியிருப்போம்.

சரிவில் கீழே இறங்கும் நல்ல மான்பாதை ஒன்று இருந்தது. நான் தேடியிருந்தால் அதில்தான் போயிருப்பேன். நாய் அதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில், ரோஜா முட்புதருக்குள் நுழைந்தது. உள்ளே ஒரு படுக்கை. இலைகள் அழுந்திக் கிடந்தன, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கருஞ்சிவப்பு உறைந்திருந்தது. ராத்திரி இங்கே படுத்திருந்து, பிறகு தானாகவே எழுந்து போயிருக்கிறது. அங்கிருந்து வேலிக்கு அந்தப் பக்கம். நாய் ஒருமுறை தடுமாறியது. இரண்டு பெட்டைகள் குறுக்கே போன இடம் அது. அந்தப் பெண்மணி ஒன்றும் பேசாமல் கயிற்றைப் பிடித்து நின்றார். நாய் தானாகத் திரும்பி வந்து, விட்ட இடத்தைப் பிடித்து, ஓடைப் பக்கம் இழுத்தது. குடலில் பட்டது தண்ணீரைத் தேடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்று நேரில் பார்த்தேன்.

ஓடைக்கரையில் சாய்ந்த மரத்தின் வேர்களுக்குள் தலையை வைத்துக் கிடந்தது. நாய் போய்த் தொடை முடியைக் கவ்வி உலுக்கியது. அவர் தடுக்கவில்லை, கொஞ்ச நேரம் விட்டார். தம்பி ஓவென்று கத்தினான். நான் மண்டியிட்டு அதன் கழுத்தில் கை வைத்தேன். பின்கால் மூட்டுகளின் உட்புறம் கறுத்துக் கிடந்தது, இணைசேரும் பருவத்தின் வாடை ஆளைத் தூக்கியது. கடைவாய்ப் பற்கள் தேய்ந்து மழுங்கியிருந்தன. ஐந்து வயதுக்குக் குறையாது என்றார் அவர்.

அப்போது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. வீழ்த்திய மறுநாள் நண்பகலுக்குள் மானைப் பதிவு செய்ய வேண்டும் என்பது ஒஹாயோ விதி, அங்கேயே கைப்பேசியில் முடித்தேன். வயிற்றைத் திறந்து பார்த்தபோது அம்பின் வழி தெளிவாகத் தெரிந்தது. இரைப்பை ஓட்டை, ஈரலின் ஓரத்தில் ஒரு கீறல், நுரையீரல் இரண்டும் முழுசாக. ஈரலின் அந்தக் கீறல்தான் அதை இரவுக்குள் முடித்திருக்கிறது. இரைப்பைக் கசிவு பட்டிருந்த உள்முதுகுச் சதையை ஒதுக்கிவிட்டோம். சப்பைகள், முதுகுக்கறி எல்லாம் நன்றாகக் குளிர்ந்து சுத்தமாக இருந்தன. ஒரு பின்சப்பை பக்கத்து நிலத்துப் பெரியவருக்குப் போனது. அந்தப் பெண்மணிக்கு அடுத்த அழைப்பு வந்துவிட்டது, அதுவும் இரைப்பை அடிதான். எத்தனை பேர் உள்ளே நடந்துவிட்டார்கள் என்று போனில் கேட்டபடியே வண்டிக்குப் போனார்.